அம்மோனியா சுட்ட மூச்சுக்குழாயை ஆய்வகத் திசுவில் ஆராய்வது: எந்த மாதிரியில் தொடங்கலாம்?

கேள்வி
எழுதியவர்: கொசஸ்தலை

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் உயிர்வேதியியல் துறையில் முதலாண்டு முனைவர் பட்ட ஆய்வு மாணவி, வீடு திருவொற்றியூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து, ஆற்றில் எண்ணெய் படர்ந்து, அந்தப் பேச்சே அடங்காத நிலையில், 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது பலருக்கும் நினைவிருக்கும். பெரியகுப்பத்தில் இருக்கும் என் சித்தியின் குடும்பம் அன்றிரவு ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியது. சித்திக்கு அன்று தொற்றிய இருமல், மூன்று மாதம் கழித்தும் மிளகாய் தாளித்தாலோ ஊதுபத்தி ஏற்றினாலோ திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் அவருக்கு ஆஸ்துமா இருந்ததில்லை.

ஒரே ஓர் இரவு பட்ட வாயு, கலைந்து போன பிறகும் மூச்சுக்குழாயில் எதை விட்டுச் செல்கிறது என்பதையே என் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் துறையில் ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்கள் கைவசம் இருப்பதால், அவற்றை 24 குழித் தட்டில் வளர்த்து, மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவத்தில்) அம்மோனியாக் கரைசலைச் சேர்த்து, 24 மணி நேரம் கழித்து, எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று காட்டும் எம்டிடி சோதனை செய்து பார்க்கும்படி நெறியாளர் சொன்னார். செய்தேன். கரைசலின் அளவைக் கூட்டியபோது மீடியம் கண்ணெதிரே செம்மஞ்சளிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறியது; மறுநாள் செல்கள் உருண்டு மிதந்தன. அளவைக் குறைத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. செல்லைக் கொன்றது அம்மோனியாவா, காரத்தன்மையா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. இந்தத் தட்டுக்கும் சித்தியின் தொண்டைக்கும் என்ன உறவு என்ற சந்தேகமும் விடவில்லை.

படித்துப் பார்த்தால் காற்று–நீர் இடைமுக வளர்ப்பு, ஆர்கனாய்டு, சில்லின் மேல் நுரையீரல், நுரையீரல் சீவல்கள் என்று பல மாதிரிகள் சொல்லப்படுகின்றன. குறைந்த வசதியுள்ள ஆய்வகத்தில் எதிலிருந்து தொடங்குவது? விலங்கில் செய்யாமல் இதை மட்டும் வைத்து எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
எழுதியவர்: தரமணிச் செல்

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்த்துவருகிறேன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏ549. 1972இல் 58 வயதான ஒருவரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட இந்தச் செல்கள், நுண்ணறையின் (நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பையின்) இரண்டாம் வகைச் செல்களைப் போன்றவை, அதாவது நுரையீரலின் கடைக்கோடியைச் சேர்ந்தவை. அம்மோனியாவோ நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. மூக்கிலும் தொண்டையிலும் பெரிய மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்திலேயே பெரும்பகுதி கரைந்து, அங்கேயே சுட்டுவிடுகிறது. நுண்ணறை வரை இறங்குவது மிக அதிகச் செறிவில், அல்லது நெடுநேரம் சிக்கிக்கொண்டவர்களிடம்தான். ஆகவே நீங்கள் அனுப்பிய கடிதத்தில் விலாசமே தவறு. கரையும் தன்மையில் குளோரின் நடுத்தரம். பாஸ்ஜீனும் நைட்ரஜன் டைஆக்சைடும் எளிதில் கரையாதவை என்பதால் மேலே பெரிதாக உறுத்தாமல் நேராக நுண்ணறைக்குப் போய்விடுகின்றன. எந்த வாயு எங்கே சுடும் என்பதைத் தீர்மானித்த பிறகே எந்தத் திசு என்ற கேள்விக்கு வர வேண்டும்.

இரண்டாவது, செல்களின் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீர். 24 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு ஏறத்தாழ 1.9 சதுர சென்டிமீட்டர். அதில் அரை மில்லிலிட்டர் மீடியம் ஊற்றினால் செல்களுக்கு மேல் 2.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திரவம் நிற்கும். மூச்சுக்குழாயின் உட்பரப்பில் இருப்பதோ பத்து மைக்ரோமீட்டர் அளவிலான மெல்லிய நீர்ப்படலமும் அதன் மேல் சளியும் மட்டுமே. கிட்டத்தட்ட 260 மடங்கு ஆழமான குளத்தின் அடியில் செல்களை உட்காரவைத்து, குளத்தில் காரத்தைக் கலந்திருக்கிறீர்கள். மீடியத்தில் காரத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் தாங்கல் இருக்கிறது, புரதம் இருக்கிறது. அவை தாங்கும்வரை ஒன்றும் நடக்காது, தாங்கல் உடைந்ததும் எல்லாச் செல்லும் ஒன்றாகச் சாகும். நீங்கள் கண்ட இரண்டு விளைவுகளும் குளத்தின் குணங்களே.

இதற்கு மாற்றுதான் காற்று–நீர் இடைமுக வளர்ப்பு. 0.4 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வை அடியாகக் கொண்ட, குழிக்குள் தொங்கும் சிறு கிண்ணமான இன்சர்ட்டில் மனித மூச்சுக்குழாயின் அடித்தளச் செல்களை விதைத்து, அவை சவ்வை மூடியதும் மேலேயுள்ள மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீழிருந்து மட்டும் உணவளிக்க வேண்டும்; வேர் நீரிலும் இலை காற்றிலுமாக நிற்கும் நாற்றைப் போல. மூன்று நான்கு வாரங்களில் அவை சளியை நகர்த்தும் மயிர் போன்ற இழைகள் கொண்ட குற்றிழைச் செல், சளிச் செல், அடித்தளச் செல் என்று பிரிந்து நிற்கும். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, அதுவரை ஓவியம் போல அசையாதிருந்த படலத்தின் ஓரிடம் மினுமினுக்கும். சில நாள் கழித்து, உதிர்ந்த செல் துணுக்குகளைச் சுமந்த சளி, இன்சர்ட்டுக்குள் மெல்ல வட்டமடிக்கத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

அந்த நிலையில் உங்களுக்கு அளக்க நிறையக் கிடைக்கிறது. படலத்தின் குறுக்கே உள்ள மின்தடையை, நாங்கள் டீர் என்று சொல்வதை, அளந்தால் செல்களுக்கிடையேயான தையல் பிரிந்துவிட்டதா என்று தெரியும். மேலிருந்து, ஒளிரும் சர்க்கரைச் சங்கிலியான டெக்ஸ்ட்ரானை விட்டால் அது கீழே கசிகிறதா என்று பார்க்கலாம். இறந்த செல்களிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் என்ற நொதி, அழற்சியை அழைக்கும் ஐஎல்-8 என்ற புரதம், குற்றிழைகள் நொடிக்கு எத்தனை முறை அடிக்கின்றன என்ற கணக்கு ஆகியவை எல்லாம் ஒரே இன்சர்ட்டிலிருந்து, அதை அழிக்காமலேயே எடுக்கக்கூடியவை. எம்டிடி மட்டும் பார்த்தால் செல் செத்ததா பிழைத்ததா என்பதோடு கதை முடிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு இதில் நேரடியான பிடி ஒன்று உண்டு. மேல்வரிசைச் செல்கள் எரிந்து உதிர்ந்தாலும், அடித்தளச் செல்கள் பிழைத்திருந்தால் அவை பரவி, பெருகி, படலத்தைத் திரும்பக் கட்டிவிடும். அவையும் போய்விட்டால் அந்த இடம் புண்ணாகவே நின்று, உடலில் தழும்பு நார் புகுவதற்கு வழிவிடும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களிடம், வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கும் டைஅசிட்டைலால் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பால் அடைபட்டது கண்டறியப்பட்ட பிறகு, இந்த அடித்தளச் செல் விஷயத்தில் நிறையப் பேர் வேலை செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை வாயு பட வைத்து, மூன்று வாரம் தொடர்ந்து பார்த்து, எந்த அளவு வரை படலம் தானாகத் தேறுகிறது, எந்த அளவுக்கு மேல் தேறவில்லை, தேறியதில் குற்றிழைகள் பழையபடி இருக்கின்றனவா, சளிச் செல்கள் மட்டும் மிகுந்துவிட்டனவா என்று பாருங்கள். அதுவே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

ஆர்கனாய்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது ஒரு மூடிய உருண்டை. காற்றைச் சந்திக்க வேண்டிய முகம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். வாயுவை அதற்குள் எப்படிச் செலுத்துவீர்கள்? திருப்பிப் போடும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அப்போதும் அது திரவத்தில்தான் மிதக்கும்.


பதில் 2
எழுதியவர்: நெஞ்சக மருத்துவர், தாம்பரம்

முந்தைய பதிலை ரசித்துப் படித்தேன். நான் ஆய்வகத்துக்காரன் அல்லன். நோயாளி பக்கத்திலிருந்து சில சொல்கிறேன், அம்மா.

உங்கள் சித்திக்கு இருப்பதைப் போன்ற நிலைக்கு 1985இல் பெயரிட்டார்கள். முன்பு மூச்சு நோய் இல்லாத ஒருவருக்கு, உறுத்தும் வாயு ஒரே முறை அதிகமாகப் பட்டு, 24 மணி நேரத்துக்குள் இருமலும் இளைப்பும் தொடங்கி, குறைந்தது மூன்று மாதம் நீடித்து, மூச்சுக்குழாய் எதைக் கண்டாலும் சுருங்கும் நிலைக்கு வந்தால், அதை எதிர்வினை மூச்சுக்குழாய்க் கோளாறு என்ற வகையில் சேர்ப்போம். சித்திக்கு அதுதான் என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. அவரை நெஞ்சக மருத்துவரிடம் காட்டி ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை எடுத்துப் பாருங்கள். ஆய்வு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் மாதிரிக்கு வருகிறேன். இன்சர்ட்டில் வளரும் படலம் இருமாது. இருமலுக்கு நரம்பு வேண்டும், இளைப்புக்கு மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசை வேண்டும், வீக்கத்துக்கு இரத்த நாளம் வேண்டும். படலம் எவ்வளவு கிழிந்தது, எப்படித் தைத்துக்கொண்டது, என்ன அபாயச் சைகைகளை அனுப்பியது என்பது வரை அது சொல்லும். அதற்கு மேல் அதன் வாயில் சொற்களைத் திணிக்காதீர்கள். கடுகு வாயு பட்டவர்களின் மூச்சுக்குழாயில் ஃபைப்ரின் கட்டிகள் குழாயின் வார்ப்பாகவே உறைந்து மூச்சை அடைக்கும். அந்த ஃபைப்ரின் கசிவது நாளத்திலிருந்து. நாளமே இல்லாத திசுவில் அந்த மரணக் காரணத்தை எத்தனை நாள் தேடினாலும் காண முடியாது.

பாஸ்ஜீனைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சுவாசித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார். எழுந்து நடப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். பிறகுதான் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களை 24 மணி நேரமாவது படுக்கையில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறோம். ஆய்வகத்தில் நான்கு மணி நேரத்தில் அளந்துவிட்டுப் பாதிப்பு இல்லை என்று எழுதுபவர், அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய பயிற்சி மருத்துவரின் தவற்றைத்தான் செய்கிறார்.

நுண்ணறையில் நீர் கோப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சில்லின் மேல் நுரையீரல் பயன்படும். 2010இல் டான் ஹுவும் டொனால்ட் இங்பரும் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் செய்து காட்டியது அது: மெல்லிய சிலிக்கோன் சவ்வின் ஒருபுறம் நுண்ணறைச் செல், மறுபுறம் நாளச் செல், மேலே காற்று, கீழே ஓடும் திரவம், பக்கவாட்டு அறைகளில் வெற்றிடம் ஏற்படுத்திச் சவ்வை மூச்சுவிடுவது போல இழுத்துத் தளர்த்தும் ஏற்பாடு. 2012இல் அதே குழு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் இன்டர்லூக்கின்-2 நோயாளிகளுக்கு உண்டாக்கும் நுரையீரல் நீர்க்கோவையை அந்தச் சில்லில் திரும்ப வரவழைத்தது. அதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு: சவ்வை இழுத்துத் தளர்த்தும் அசைவு இருந்தபோது கசிவு வெகுவாகக் கூடியது, அசையாமல் வைத்தபோது குறைந்தது. பாஸ்ஜீன் பட்டவரை ஓடவிடாதே, நடக்கவிடாதே என்று பழைய மருத்துவர்கள் அனுபவத்தால் சொல்லிவந்ததை இதோடு சேர்த்து யோசித்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு மனக்குறை. மருந்து தேடும் ஆய்வுகளில் பல, செல்லுக்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு நஞ்சைக் கொடுத்து, காப்பாற்றிவிட்டேன் என்கின்றன. கசிவுக்கு முன்னால் மருந்து சாப்பிட்டுவிட்டு எண்ணூரில் யாரும் தூங்கப் போவதில்லை. வாயு பட்டு ஒரு மணி நேரம், ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அம்மோனியாவுக்கோ குளோரினுக்கோ இன்றுவரை எங்களிடம் முறிவு மருந்து இல்லை. ஆக்சிஜன், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, தேவைப்பட்டால் வெண்டிலேட்டர், அவ்வளவுதான்.


கேள்வியாளரின் குறிப்பு
எழுதியவர்: கொசஸ்தலை

தரமணிச் செல் ஐயாவுக்கும் மருத்துவர் ஐயாவுக்கும் நன்றி. சித்தியை அடுத்த வாரம் அழைத்துச் செல்கிறேன்.

இரண்டு தடைகள் எழுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் மனித மூச்சுக்குழாய்ச் செல்களின் விலையைக் கேட்டுவிட்டு, எங்கள் துறையில் அதற்குமேல் பேச்சே எழவில்லை. அடுத்து, படலத்தின் மேல் வாயுவை எப்படிச் செலுத்துவது? மூடிய பெட்டிக்குள் தட்டையும் அம்மோனியாக் கரைசல் ஊற்றிய ஒரு கிண்ணத்தையும் வைத்துவிட்டால் ஆவி படும் அல்லவா என்று உடன் படிக்கும் நண்பர் சொல்கிறார்.


பதில் 3
எழுதியவர்: பிபிஎம்

நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாதுகாப்பு முதல் காரணம். இரண்டாவது காரணம், கிண்ணத்திலிருந்து எழும் செறிவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கடைசியில் எவ்வளவு பட்டது என்று கேட்டால் உங்களிடம் விடை இருக்காது. நச்சுயியலில் அளவு தெரியாத முடிவு, முடிவே அல்ல.

நான் மூச்சுவழி நச்சுச் சோதனைகளில் வேலை செய்பவன். செறிவு சான்றளிக்கப்பட்ட, நீர்த்த நிலையிலுள்ள அம்மோனியா உருளையை வாங்கி, ஈரப்படுத்திய காற்றோடு கலந்து, ஒவ்வொரு இன்சர்ட்டின் மேலும் நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் என்ற மெல்லிய ஓட்டத்தில் செலுத்தும் கருவிகள் இருக்கின்றன. வெளியேறும் வாயு, அதை உறிஞ்சும் கலம் வழியாகத்தான் போக வேண்டும். அறையில் வாயு உணர்வி வேண்டும். கல்லூரியின் பாதுகாப்புக் குழு எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். இவை அமையாத இடத்தில் தொடங்கவே கூடாது. கருவி உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதே உங்களுக்கு உகந்தது. இன்சர்ட்டுகளை நீங்கள் வளர்த்து, வாயு படும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அங்கே எடுத்துச் செல்லலாம்.

எடுத்துச் சென்ற இடத்தில் மூன்று விஷயங்களில் ஏமாறாதீர்கள். காற்று வறண்டிருந்தால் அம்மோனியா இல்லாமலேயே படலம் காய்ந்து டீர் சரியும்; ஆகவே அதே ஓட்டத்தில், அதே ஈரத்தில், சுத்தமான காற்று மட்டும் பட்ட இன்சர்ட்டுகள் ஒப்பீட்டுக்கு இருந்தே ஆக வேண்டும். இன்குபேட்டருக்குள்ளேயே வைத்திருந்தவற்றை ஒப்பீடாகக் காட்டினால் நான் ஏற்க மாட்டேன். அடுத்து, அம்மோனியா குழாயின் உட்சுவரிலும் ஈரத்திலும் ஒட்டிக்கொள்ளும்; உருளையில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், இன்சர்ட்டுக்கு வரும் இடத்தில் அளக்க வேண்டும். மூன்றாவது, அது படலத்தைக் கடந்து கீழே உள்ள மீடியத்தில் கரையும். உயிருள்ள நுரையீரலில் இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும், உங்கள் தட்டில் அது அங்கேயே தேங்கும். வாயு பட்டு முடிந்ததும் கீழ் மீடியத்தை மாற்றிவிட்டு, எடுத்த மீடியத்தில் அம்மோனியாவின் அளவையும் காரத்தன்மையையும் அளந்து வையுங்கள். உள்ளே போனது எவ்வளவு என்ற கணக்குக்கு அதுதான் ஆதாரம். காரத்தன்மையின் பங்கைப் பிரித்தறிய, அதே பிஹெச் உள்ள, அம்மோனியா இல்லாத திரவத்தைக் கொண்டு ஓர் ஒப்பீடும் வையுங்கள்.

செறிவையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்று. செறிவை நேரத்தால் பெருக்கினால் வரும் எண் ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றே என்பது ஹேபரின் பழைய விதி. அம்மோனியாவுக்கு அது பொருந்தாது. செறிவின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிப் பார்ப்பதே வழக்கம். அதன்படி, ஒரு மணி நேரம் படுவதைவிட, இரண்டு மடங்கு செறிவில் அரை மணி நேரம் படுவது இருமடங்கு கொடிது. நெடுநேரம் இலேசாகப் பட்டவரும், குறுகிய நேரம் குப்பென்று பட்டவரும் ஒரே கணக்கில் வர மாட்டார்கள் என்பதை உங்கள் திசுவில் சோதித்துப் பார்த்தால் சுவையான அத்தியாயம் கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு அம்மோனியாவுக்கு 300 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சத்தில் 300 பங்கு), குளோரினுக்கு 10, போபாலில் 1984இல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 3, பாஸ்ஜீனுக்கு 2. பழக அம்மோனியாவே போதும். மற்ற மூன்றின் பக்கமும் இந்த வசதியோடு போக வேண்டாம்.

விலங்கு இல்லாமல் ஏற்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 2019இன் புதிய மருந்து விதிகளை 2023 மார்ச்சில் திருத்தி, செல் சோதனை, ஆர்கனாய்டு, சில்லு உறுப்பு போன்றவற்றையும் முன்சோதனையாகக் காட்ட வழிவிட்டார்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டமே திருத்தப்பட்டது. ஆனால் இவை மருந்துகளுக்கானவை. தொழிற்சாலை இரசாயனத்தின் மூச்சுவழி நச்சுக்கு, பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பான ஓஈசிடியின் 403ஆம் வழிகாட்டி கேட்பது இன்னும் எலியைத்தான். நடுவே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு: குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியின் மூச்சுவழி அபாயத்தைக் கணிக்க, மனித மூச்சுக்குழாய்ப் படலத்தில் செய்த சோதனைகளை 2018 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் குழு விவாதத்துக்கு எடுத்தது. அங்கே திசுவோடு, மூச்சுப்பாதையின் எந்தப் பகுதியில் எவ்வளவு துகள் படியும் என்ற கணினிக் கணக்கும் சேர்ந்து வந்தது. திசு மட்டும் தனியாக வந்திருந்தால் எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

எலியை ஏதோ தங்க அளவுகோலாகவும் எண்ண வேண்டாம். அது மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. கரையும் வாயுவை அதன் மூக்கே வடித்துவிடும். அலறியடித்து ஓடும் மனிதர் வாயைப் பிளந்து மூச்சிழுப்பார்.


பதில் 4
எழுதியவர்: வேப்பேரி

கால்நடை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் ஒரு மலிவான வழியைச் சொல்கிறேன். இறைச்சிக் கூடத்தில் அன்றாடம் வீணாகும் செம்மறியாட்டு நுரையீரல், அளவில் எலியினுடையதைவிட மனித நுரையீரலுக்கு நெருக்கமானது. உரிய அனுமதியோடு, அறுத்த உடனே ஒரு மடலைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, தாழ்வெப்பத்தில் உருகும் கூழ்மப் பொருளான அகரோஸை மூச்சுக்குழாய் வழியாக ஏற்றி இறுகவைத்து, அதிர்வுக் கத்தியால் 250 முதல் 500 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவல்களாக்கலாம். அகரோஸ் இறுகாமல் சீவினால் திசு பஞ்சு போலப் பிய்ந்துவரும், பொறுமை தேவை. முதல் முறை நான் சீவியது சாம்பாரில் கரைந்த வடை மாதிரி இருந்தது.

மருத்துவர் ஐயா சொன்ன மென்தசை இதில் இருக்கிறது. சீவலில் வட்டமாகத் தெரியும் மூச்சுக்குழாய்க்கு, அதைச் சுருங்கவைக்கும் மெத்தகோலின் என்ற மருந்தை விட்டால், நுண்ணோக்கியின் கீழ் அந்த வட்டம் சுருங்குவதைக் கண்ணால் காணலாம். பாதிக்கப்பட்ட சீவல் குறைந்த மெத்தகோலினுக்கே சுருங்குகிறதா என்ற கேள்வியை மேற்படலம் மட்டும் உள்ள இன்சர்ட்டில் கேட்கவே முடியாது. ஆனால் சீவல் திரவத்தில்தான் வாழும். வெட்டிய பக்கமெல்லாம் திறந்த காயம். ஒரு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. ஆகவே மூன்று வாரத் தேறலுக்கு இன்சர்ட்டையும், சுருக்கத்துக்குச் சீவலையும் வைத்துக்கொள்ளலாம்.


பதில் 5
எழுதியவர்: தரமணிச் செல்

விலைத் தடைக்கு வருகிறேன். விலை கொடுத்து வாங்கினாலும் விமான நிலையச் சுங்கத்தில் உலர்பனிப் பெட்டி எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முறை எங்கள் பெட்டியில் பனி முழுவதும் ஆவியாகிப் போயிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அம்மோனியா முதலில் சுடுவது மூக்கை. மூக்கின் உட்படலமும் குற்றிழையும் சளியும் கொண்ட அதே வகைப் படலம். அதன் அடித்தளச் செல்களையும் இன்சர்ட்டில் இதே முறையில், ஏறத்தாழ இதே நான்கு வாரத்தில் வளர்க்கலாம். மூக்குத் தண்டு வளைவுக்கும் மூக்கடைப்புக்கும் அறுவை செய்யும்போது வெட்டி எறியும் சதை, காது மூக்கு தொண்டைப் பிரிவில் வாரந்தோறும் கிடைக்கும். அறுவை இல்லாதவர்களிடமிருந்து சிறு தூரிகையால் வருடியும் எடுக்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கொடுப்பவரின் எழுத்து மூலமான சம்மதமும் கட்டாயம். கழிவுச் சதைதானே என்று அதைத் தவிர்க்க முடியாது. புகைபிடிப்பவரா, ஆஸ்துமா உண்டா, வயது என்ன என்ற விவரங்களைப் பெயரில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்ஜீனை ஆராய்பவருக்கு மூக்குச் செல் சமரசமாக இருந்திருக்கும். உங்கள் வாயுவுக்கு அதுவே சரியான இடம்.

ஒரே நபரின் செல்லில் பன்னிரண்டு இன்சர்ட் வைத்தாலும் அது ஒருவர்தான், பன்னிரண்டு பேர் அல்ல. குறைந்தது ஐந்தாறு பேரிடமிருந்து எடுங்கள். ஆளுக்கு ஆள் டீர் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்து முதலில் அதிர்ச்சியடைவீர்கள். அந்தத் தெருவில் ஒரே இரவில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு மட்டும் இருமல் தங்கியது ஏன் என்பதற்கான துப்பு அந்த வேறுபாட்டுக்குள்ளேயே இருக்கலாம்.


கேள்வியாளரின் குறிப்பு
எழுதியவர்: கொசஸ்தலை

நெறியாளரிடம் இந்தத் திரியை அப்படியே காட்டினேன். குளத்தின் ஆழக் கணக்கைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு காது மூக்கு தொண்டைப் பிரிவில் தமக்குத் தெரிந்த பேராசிரியருக்குத் தொலைபேசியில் பேசினார். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஆறு மாதம் வாயுவே இல்லை. ஆறு பேரின் மூக்குச் செல்லை வளர்த்து, டீர் நிலைப்படுவதையும் குற்றிழை அடிப்பதையும் உறுதிசெய்வது மட்டும். அதன் பின் கருவி உள்ள ஆய்வகத்தில் மூன்று செறிவு, சுத்தக் காற்று ஒப்பீடு, வாயு பட்ட 4 மணி நேரம், 24 மணி நேரம், 7ஆம் நாள், 21ஆம் நாள் என்று அளவீடு. சீவலை இரண்டாம் ஆண்டுக்கு வைத்திருக்கிறேன். டீர் அளப்பதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?


பதில் 6
எழுதியவர்: தரமணிச் செல்

உண்டு. டீர் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். திசு குளிர்ந்தால் தடை ஏறும். 37 டிகிரியிலிருந்து எடுத்த தட்டை, நம் ஆய்வகங்களில் ஸ்வெட்டர் போட்டு உட்காரும் அளவுக்கு ஓடும் ஏசியில் வைத்து அளந்தால், முதல் இன்சர்ட்டுக்கும் கடைசி இன்சர்ட்டுக்கும் இடையிலேயே எண் நகர்ந்துவிடும். வாயுவால் வந்த சரிவை அந்த ஏற்றம் மறைத்துவிடக்கூடும். எல்லாத் தட்டையும் ஒரே நேரம், பதினைந்து இருபது நிமிடம், அறை வெப்பத்துக்கு வரவிட்டு, ஒரே வரிசையில் அளங்கள். அளப்பதற்காக மேலே ஊற்றும் திரவத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, படலம் மீண்டும் காற்றில் நிலைபெற ஒரு நாளாவது கொடுத்த பிறகே வாயுவுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் பழைய குளத்தையே சிறிதாக்கி மேலே வைத்ததாகிவிடும்.

விதைக்கும் தேதியை நாட்காட்டியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கீழ் மீடியத்தை மாற்றியே ஆக வேண்டும். நான்காம் வாரம் பொங்கல் விடுமுறையில் விழுந்து, ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் காய்ந்துபோன தட்டுகளை நான் இதுவரை இரண்டு முறை தூக்கிப் போட்டிருக்கிறேன்.